அம்சா தலைகாத்த காதை

“போன மாசமும் இதையேதான சொன்ன? கம்புல பட்டுச்சுன்னு.”

“கம்புலதாண்ணா பட்டுச்சு. எத்தினி வாட்டி சொல்றது?”

“கம்பு பட்டா கையில படும், கால்ல படும். கரெக்டா நெத்தியில வந்து குந்திக்குமா? நீ யாரைக் காப்பாத்திக்கினு இருக்கன்னு எனக்குத் தெரியும்மா.”

“அய்ய, அந்த மனுசன் கரப்பான் பூச்சியப் பாத்தா கட்டில் மேல ஏறிக்கிறாரு. அவராண்ணா என்னை அடிப்பாரு?”

“பூச்சிக்கு பயப்படறவன் பொண்டாட்டியை அடிக்க மாட்டான்னு சட்டமா? இன்னிக்கு சாயங்காலம் வரேன். நெத்தியைக் காட்டு. சுத்தமா இருந்துச்சுன்னா, நாளைக்கு நானே கார்ல இட்டுக்கினு போயி வுழுப்புரத்துல எறக்கி வுடறேன். போட்டி முடியிற வரைக்கும் குந்திக்கினு கையும் தட்றேன். சின்னதா ஒரு பொடைப்பு தெரிஞ்சுது, அப்பவே துணியை எடுத்து வை, நம்ம ஊருக்குக் கெளம்பு. கம்பும் கெடையாது, கிம்பும் கெடையாது. இன்னா, சரியா?”

“சரிண்ணா.”

கைப்பேசி அடங்கியது. அடங்கியதும், வாசகரே, எழுந்து நில்லுங்கள்! திண்டிவனம் வழியாகச் செல்லும் பேருந்தில் இதைப் படிப்பவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் அப்படியே இருக்கலாம். ஏனெனில் இதோ வருகிறாள் அம்சா! பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இட்லி மாவுக் கடை நடத்தும் அம்சா. கதிரவன் கண் விழிக்குமுன் கண் விழித்து, ஊறிப் பருத்த உளுந்தின் சேனையையும் முறுக்கேறிய அரிசியின் சேனையையும் ஒரே கிரைண்டருக்குள் மோதவிட்டு, இரண்டும் பகை மறந்து வெண்ணுரையாய்க் கலக்கும்வரை கைவிடாத அம்சா. ‘மாவு புளிச்சிருக்கு’ என்று குறை சொன்னவர்களை ஒற்றைப் பார்வையால் புளிக்கவைத்தவள். நாற்பதின் வாசலில் நின்றுகொண்டு, இனி என்ன இருக்கிறது என்று கேட்காமல், ‘சிலம்பம் கற்றுக்கொண்டால் என்ன?’ என்று கேட்டவள், மாவரைத்த தோளினாள்! அவள் வாழ்க! அவள் தோள் வாழ்க! எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் அவள் தலை வாழ்க!

தலையே! உடம்பென்னும் நெரிசலான குடியிருப்பின் மேல்மாடியில் ஒரு வேலையும் செய்யாமல் வீற்றிருக்கும் பெருமாட்டியே! உனக்குக் கண்கள் உண்டு, ஆனால் முன்பக்கம் மட்டும். காதுகள் உண்டு, வேண்டாததைக் கேட்பதற்கு. வாய் உண்டு, வம்பை அழைப்பதற்கு. ஆனால் அழைத்த வம்பு வந்து விழும்போது தடுப்பதற்கு உனக்கென்று ஒரு கை கிடையாது. ஆகவேதான் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் உனக்காகப் போருக்குப் போகின்றன; நீ மேலேயிருந்து வேடிக்கை பார்க்கிறாய். உன்னைப் பாடப் புகுந்தேன். என் வாக்கியங்கள் எங்கும் இடித்துக்கொள்ளாமல் காத்தருள்வாயாக!

சென்ற மாதம் நடந்ததை உலகறியும். உலகறியாவிட்டாலும் அம்சாவின் தெரு அறியும். வீட்டு மொட்டைமாடியில், துவைத்த துணிகள் கொடிபிடிக்க, தண்ணீர்த் தொட்டி சாட்சி நிற்க, அவள் தனியே கம்பு சுற்றிப் பழகிக்கொண்டிருந்தபோது, சுழன்ற கம்பு சுழற்றிய கையை மறந்து, வேறெங்கும் போக்கிடமில்லாததைப்போல நேராக வந்து அவள் நெற்றியிலேயே இறங்கியது. தன் கம்பால் தானே அடிபடுவதைவிட ஒரு வீராங்கனைக்கு நேரக்கூடிய இழிவு வேறில்லை. ஆதலால், கேட்டவர்களிடம் “கம்புல பட்டுச்சு” என்று மட்டும் சொன்னாள். யாருடைய கம்பு என்று சொல்லவில்லை. அந்தச் சிறு இடைவெளிக்குள் தெருவே கூடாரம் அடித்துத் தங்கிவிட்டது.

பழி முழுவதும் அவள் கணவன் சீனுவாசன்மேல் விழுந்தது. பள்ளி வேன் ஓட்டும் சீனுவாசன். சாலையைக் கடக்கும் ஓணானுக்கும் வேனை நிறுத்துபவன். அவனைப் பார்த்து, பின்னிருக்கையிலிருந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “அங்கிள், ஆன்ட்டியை ஏன் அடிச்சீங்க?” என்று கேட்டாள். வேன் முழுவதும் அமைதியாயிற்று. அந்த வேன் அமைதியானது அதன் வரலாற்றிலேயே அதுதான் முதல்முறை. அந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டேரிப்பட்டு நெடுஞ்சாலை ஓரம் டயர்க்கடை வைத்திருக்கும் அம்சாவின் அண்ணன் தாண்டவராயன் புறப்பட்டு வந்து, சோபாவில் அமர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், பிற்பகல் முழுவதும் மைத்துனனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடும்போதும் பார்த்தான். கை கழுவும்போதும் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அன்று போனவன்தான் இன்று மறுபடி வருகிறான்.

நாளையோ விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவு. அதற்காக அடித்துக் கொடுத்த மஞ்சள் பனியன் அம்சாவின் பீரோவில் புடவைகளுக்கு நடுவே மடங்கிக் கிடந்தது. அதன் முதுகில் பெரிய நீல எழுத்தில் ‘அம்சா’ என்று இருந்தது. அதுவரை அவள் பெயரைத் தாங்கிய பொருட்கள் இவ்வுலகில் ரேஷன் கார்டும், கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடமும், அதன் மூடியும்தான். விழுப்புரத்துக்கு அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், துக்கத்துக்குப் போயிருக்கிறாள், ரயில் மாறப் போயிருக்கிறாள். தன் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு போனதில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்தப் பனியனை அவள் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாள் என்பதை அறிந்தது பீரோக் கண்ணாடி ஒன்றே. அது சொல்லாது.

ஆகவே, பெருமக்களே, இன்று மாலைவரை அந்த நெற்றி நெற்றியாகவே இருக்க வேண்டும். இதுவே காவியத்தின் பொருள்.

அம்சா நெற்றியைக் காக்கச் செய்த ஏற்பாடுகள் பேரரசுகள் கோட்டைக்குச் செய்பவற்றை ஒத்தன. பிற்பகல் முழுவதும் பரணின் கீழ் நடமாடவில்லை. கேஸ் சிலிண்டருக்குக் குனியவில்லை. தலை சூடேறினால் கவனம் சிதறும் என்று எண்ணி, மல்லாட்டை எண்ணெயை, அதாவது ஏனைய ஊர்கள் கடலை எண்ணெய் என்பதை, உச்சியில் தாராளமாக ஊற்றி, வழியும்வரை தேய்த்துக்கொண்டாள். அந்த எண்ணெயைப் பிறகு சந்திப்போம்.

மூடிக்கிடந்த மல்லாட்டை மில் ஒன்றின் பின்னே, முன்பு காய் உலர்த்திய சிமெண்ட் களமே பயிற்சிக் களம். விரிசல்களில் பழைய தோல்கள் இன்னமும் நொறுங்கும். தகரக் கூரையின் விளிம்பில் காகங்கள் முன்னிருக்கைகளைப் பிடித்துவைத்திருந்தன. தொலைவில் நெடுஞ்சாலையில் சென்னை போகும் பேருந்துகள் போர்ச்சங்கென முழங்கிச் சென்றன. களத்தின் தலைவன் கோகுலகிருஷ்ணன். வயது இருபத்து நான்கு. பகலில் கூரியர்ப் பையுடன் தெருத்தெருவாகச் சுற்றுபவன், மாலையில் கம்புடன் இருந்த இடத்திலேயே சுற்றுபவன். தன்னைவிட மூத்த பெண்கள் எல்லாரும் தன்னை ‘மாஸ்டர்’ என்று அழைக்கும்போது இன்னும் காது சிவப்பவன். அவன் வகுத்த சட்டம் ஒன்று உண்டு: தலைக்குக் காப்பில்லாமல் எதிராளியின் முன்னே யாரும் நிற்கக் கூடாது.

கம்பிவலை முகம் வைத்த தலைக்கவசங்கள் இரண்டு அந்தப் பயிற்சிக் களத்துக்கு உண்டு. இருந்தன. முந்தின இரவு ஒரு பெருச்சாளி, தனக்கும் தன் வருங்காலச் சந்ததிக்கும் மெத்தை வேண்டி, அவற்றுள் ஒன்றின் உட்பஞ்சை அடிவரை பிடுங்கிச் சென்றுவிட்டது. எஞ்சியது ஒன்று.

அந்த ஒன்றின்மேல் இரண்டு கைகள் ஒரே கணத்தில் விழுந்தன.

ஒன்று அம்சாவின் கை. மற்றொன்று சூசை மேரியின் கை. யார் இந்தச் சூசை மேரி? திண்டிவனத்துப் பள்ளிப்பிள்ளைகளில் பாதிப்பேரின் தோளகலத்தைப் பார்வையாலேயே அளந்து சொல்லும் தையற்கலைச் செல்வி, ஊசிமுனைக் கண்ணினள், ஜூன் மாதத்துச் சீருடை வெள்ளத்தை ஒற்றை மிஷினால் அணைபோட்டு நிறுத்தியவள், அம்சாவைவிட மூன்று வயது மூத்தவள், அம்சாவைச் சிலம்பத்துக்கு முதன்முதலில் கையைப் பிடித்து இழுத்து வந்தவளும் அவளே. இருவரும் தோழியர். ஆனால் ஒரே கவசத்தின்மேல் விழுந்த இரண்டு கைகளுக்கு அது நினைவில் இருப்பதில்லை.

“நான் மொதல்ல வந்தேன்,” என்றாள் மேரி.

“நான் மொதல்ல தொட்டேன்க்கா.”

“தொட்டா ஆச்சா? துணிக்கடையில போயி பட்டுப்பொடவையத் தொட்டுட்டு எடுத்துக்கினு வந்துருவியா?”

இத்தகைய வழக்குகளுக்கு அந்தக் களத்தில் ‘பிடி பார்த்தல்’ என்றொரு வழக்கம் உண்டு. கம்பைச் செங்குத்தாக நிறுத்தி, அடியிலிருந்து ஒருவர் கைமேல் ஒருவர் கைவைத்துப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டும்; கடைசிப் பிடி யாருடையதோ பொருள் அவருடையது. கோகுலகிருஷ்ணன் கம்பை நிறுத்தினான். மேரி தொடங்கினாள். மெலிந்து நீண்ட தையற்கை, அதன்மேல் உருண்டு திரண்ட மாவுக்கை, அதன்மேல் தையற்கை, அதன்மேல் மாவுக்கை. மலையேறும் இரு பகைப்படைகள் ஒன்றன் தோளில் ஒன்று கால்வைத்து ஏறுவதுபோல் அவை ஏறின. காகங்கள் கழுத்தை நீட்டின. கம்பின் உச்சியில் மேரிக்குப் போதுமானதும் அம்சாவுக்குக் கொஞ்சம் குறைவானதுமான இடம் மிஞ்சியிருந்தபோது, முறை அம்சாவுடையதாயிற்று. அவள் பிடித்தாள். கம்பின் நுனி அவள் கைக்குள் காணாமற்போயிற்று.

“அது கையா, மாவுக் கரண்டியா? ஒரே புடியில ரெண்டு புடி எடத்தை அமுக்கிக்கினா! மாஸ்டர், இது செல்லாது!”

“யக்கா,” என்றான் மாஸ்டர் காது சிவந்து, “புடின்னா புடிதான். நான் இன்னா பண்றது?”

மேரி நிமிர்ந்தாள். மண்டகப்பட்டுக் குடைவரை வாசலில் கதாயுதத்தின்மேல் சாய்ந்து ஆயிரம் ஆண்டுகளாக யாரையும் உள்ளே விட மனமில்லாமல் நிற்கும் கற்காவலரைப்போல், கம்பின்மேல் சாய்ந்து நின்று, இந்தப் பிரகடனத்தை வெளியிட்டாள்:

“வச்சுக்கோடி. ஹெல்மெட்ட நீயே வச்சுக்கோ. போட்டுக்கினே தூங்கு, போட்டுக்கினே சோறு துன்னு. இனிமே அந்த ஒத்தாசை இந்த ஒத்தாசைன்னு எதுக்காச்சும் எங்கிட்ட வந்த, பாத்துக்க!”

அம்சா வாய் திறந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மேரி கவசத்தைத் தானே எடுத்து அவள் தலையில் மாட்டி வாரையும் இறுக்கிவிட்டிருப்பாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை, ‘எங்க வூட்டுக்காரர் என்னை அடிக்கிறார்னு எங்க அண்ணன் நெனச்சிக்கினு இருக்கார்’ என்பதாகும். அதைச் சொன்னால் சொன்னதில் பாதி மட்டுமே ஊருக்குள் நடந்துபோகும், அதுவும் தவறான பாதி. தெருவிலுள்ள ரவிக்கைகள் எல்லாம் மேரியின் கடைக்குத்தான் வந்துபோகின்றன. ஆகவே திறந்த வாயை மூடி, மூடிய வாயின்மேல் கம்பிவலையையும் மூடினாள்.

கவசம் கிடைக்காத மேரியோ கலங்கினாளில்லை. துண்டை உதறி, முறுக்கி, வளைத்து, செங்கல் சுமப்பவர் வைப்பதைப்போல உச்சியில் பெரியதொரு சும்மாடு கோலினாள். அதன்மேல் பையிலிருந்த சீருடைத் துணுக்குகளைத் திணித்தாள். எல்லாம் நழுவாதபடி கழுத்தில் எப்போதும் தொங்கும் இன்ச் டேப்பால் தாடைக்கடியில் சேர்த்து முடிச்சிட்டாள். பார்ப்பவர் நகைக்கலாம், நகைத்தவர் ஒருவருமில்லை. மாஸ்டர் மட்டும் கூரியர்ப் பைக்குள் எதையோ தேடுவதுபோல் நீண்ட நேரம் முகத்தை உள்ளே வைத்திருந்தான். பிறகு வெளியே வந்து, அந்தச் சும்மாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “பரவால்ல, இதுவும் காப்புதான்” என்று தீர்ப்பளித்தான்.

“காப்பு!” என்று கூவினான் அடுத்த கணம்.

அன்றைய பாடம் தலைக்காப்பு. ஒருத்தி உச்சிக்குக் கம்பை இறக்க வேண்டும். மற்றொருத்தி தன் கம்பை இரு கையாலும் குறுக்கே உயர்த்தித் தலைக்குமேல் கூரை போட வேண்டும். மேரியின் கம்பு எழுந்தது. ஆடிமாதக் காற்றில் தென்னை சாய்வதுபோல் சாய்ந்து வந்தது. அம்சாவின் கம்பு குறுக்கே எழுந்து ஏற்றது. ‘டக்!’ மூங்கிலும் மூங்கிலும் சந்தித்த ஓசையில் கூரையின் தகரம் அதிர்ந்தது. காகங்கள் இடம் மாறி அமர்ந்தன. மில் வாசலில் படுத்திருந்த நாய் ஒரு கண்ணைத் திறந்து, தன்னைப் பற்றியதல்ல என்று உறுதிசெய்துகொண்டு மூடியது. மறுபடி ‘டக்!’ இடமிருந்து, வலமிருந்து, நேருக்கு நேராக! மேரியின் ஒவ்வோர் அடியிலும் ஒரு கவசத்தின் கோபம் இருந்தது. அம்சாவின் ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு மஞ்சள் பனியன் இருந்தது.

அப்போதுதான் மல்லாட்டை எண்ணெய் தன் வேலையைத் தொடங்கியது.

பெரிய தலை ஒன்றுக்காக வாங்கப்பட்ட கவசம், எண்ணெய் வழியும் சிறிய தலையின்மேல், வழுக்குப்பாறையில் அமர்ந்த அரசன்போல் மெல்லத் திரும்பலாயிற்று. முதலில் கம்பிவலை மூக்கைவிட்டு விலகியது. பிறகு கன்னத்தை அடைந்தது. பிறகு காதுக்கு நேரே வந்து நின்றுகொண்டு, அம்சாவின் காது எல்லாவற்றையும் தெளிவாகப் பார்க்கும்படியும், அவள் கண் எதையும் பார்க்காதபடியும் செய்தது. உள்ளே இருட்டு. வியர்வை வாடை, இதற்குமுன் அதை அணிந்த அத்தனை வீரர்களின் வாடை. வெளியே எங்கோ மேரி. எந்தத் திசையில் என்று தெரியாத மேரியைவிடப் பெரிய சேனை உலகில் இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பாள். மாவரைத்த தோளினாள் சொல்லவில்லை. கிரைண்டரின் ஓசையைக் கேட்டே மாவு பதமாகிவிட்டதா என்று அறிபவள் அவள். இருளில் நின்று ஓசையைக் கேட்டாள். சிமெண்ட்மேல் மல்லாட்டைத் தோல் நொறுங்கியது, இடப்பக்கம். கம்பு உயர்ந்தது, ‘டக்!’ நொறுங்கியது, வலப்பக்கம். ‘டக்!’ மேரி மூச்சிழுத்தாள். மேரிக்கு ஓங்கி அடிக்குமுன் மூச்சிழுக்கும் வழக்கம் உண்டு. ‘டக்!’ இவ்வாறு, காதால் பார்த்து, தோளால் நினைத்து, ஓர் அடியும் உச்சியைத் தீண்டாமல் அம்சா தன் தலையைக் காத்தாள். பின்பு முறைமாறி, கவசத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு அவள் அடிக்க, மேரியும் சும்மாட்டின்மேல் ஒரு நூலும் கலையாதபடி தடுத்தாள். வானம் பழுத்த பப்பாளியின் நிறத்தை அடைந்தபோது மாஸ்டர் கையைத் தூக்கினான். முடிந்தது!

முடிந்தது, பெருமக்களே! நெற்றி நெற்றியாகவே இருந்தது! அம்சா விரல்களால் தடவிப் பார்த்தாள். எண்ணெய் இருந்தது, வியர்வை இருந்தது, மேடு இல்லை, பள்ளம் இல்லை, செஞ்சிக்கோட்டை விழுந்தாலும் விழாது என்பதுபோல் வழவழப்பாக இருந்தது. விழுப்புரத்தின் சாலைகள் அவள் மனக்கண்ணில் விரிந்தன. அண்ணனின் கார் முன்னே போயிற்று. முதுகில் நீல எழுத்துகள் வெயிலில் மின்னின.

நாளை விடியலில் விழுப்புரம் கொண்டுபோக வேண்டுமென்று கோகுலகிருஷ்ணன் கம்புகளையெல்லாம் வாங்கிக் கட்டாகக் கட்டி, பைக்கின் பக்கவாட்டில் பிணைத்தான். பிணைத்த பிறகே அவனுக்கு நினைவு வந்தது.

“யக்கா, வணக்கம் வைக்காம வந்துட்டீங்களே! வணக்கம் வச்சுட்டுப் போங்க.”

களத்தின் கடைசிச் சடங்கு அது. பழகிய இருவரும் எதிரெதிரே நின்று, தலையில் இருப்பதைக் கழற்றிவிட்டு, குனிந்து, மண்ணைத் தொட்டு, தொட்ட கையைக் கண்ணில் ஒற்ற வேண்டும். தலையை மூடிக்கொண்டு மண்ணை வணங்கலாகாது. கவசம் தரையில் வைக்கப்பட்டது. இன்ச் டேப் அவிழ்ந்தது. சும்மாடு மறுபடியும் துண்டாயிற்று. இருவருக்கும் இடையே ஒரு கம்பின் நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. நாள்தோறும் கம்பை நீட்டித்தான் அந்த இடைவெளியை அளப்பார்கள். கம்புகளோ பைக்கில் இருந்தன. தோளகலத்தைப் பார்வையால் அளக்கும் மேரிக்கும் அன்று கோபத்தில் பார்வை வேறெங்கோ இருந்தது. தோராயமாக நின்றார்கள்.

நின்றவர்கள் நின்றார்கள். யார் முதலில் குனிவது? கவசத்தைப் பறிகொடுத்தவளா? பறித்தவளா? மேரி குனியவில்லை. அம்சா குனியவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து போயிற்று. இன்னொன்றும் போயிற்று. நாய் எழுந்து, சோம்பல் முறித்து, முடிவு தெரியும்வரை உட்கார்ந்தே பார்ப்பது என்று உட்கார்ந்தது.

அந்த மௌனத்தின் ஆழத்தில், எவரும் அறியாமல், இரண்டு அதிசயங்கள் ஒரே கணத்தில் நிகழ்ந்தன. அம்சாவின் உள்ளம், ‘பாவம், துண்டைக் கட்டிக்கினு நின்னுச்சு அக்கா. நான்தான் கூட ஒரு விரலை அமுக்கிப் புடிச்சேன். நானே குனியறேன்’ என்று உருகியது. அதே கணத்தில் மேரியின் உள்ளம், ‘சின்னவ. ஒரு ஹெல்மெட்டுக்காகவா இவ்ளோ பேசினோம்? நாமதான் குனியணும்’ என்று உருகியது. பகைமையில் ஒன்றுபடாத இருவர் அன்பில் ஒன்றுபட்டார்கள். ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், முழு மனத்தோடு, ஒரு கம்பின் நீளத்தைவிட மிகக் குறைந்த தூரத்தில், குனிந்தார்கள்.

ஓங்கி உடைத்த இரு தேங்காய்களின் ஓசை எழுந்தது. காகங்கள் கூட்டாகக் கலைந்து பறந்தன. மல்லாட்டை மில்லின் தகரம் அந்த ஓசையை வாங்கிக்கொண்டு சிறிது நேரம் வைத்திருந்து திருப்பித் தந்தது.

“அய்யோ! வேணும்னே முட்றியா?” என்று அலறினாள் மேரி.

“நீதான்க்கா முட்டின!”

“ரெண்டு பேரும் ஹெல்மெட்டைப் போட்டுக்கங்க!” என்று கூவினான் மாஸ்டர். ஒரே கவசம் இருந்த களத்தில், எல்லாம் முடிந்த பின், இருவருக்குமாகப் பிறப்பிக்கப்பட்ட அந்த ஆணை காற்றில் கரைந்தது. மேரி பையைத் தோளில் மாட்டினாள். திரும்பிப் பார்க்காமல் களத்தைவிட்டு வெளியேறினாள்.

அம்சா வலப்புருவத்துக்கு மேலே விரலை வைத்தாள். அங்கே ஏதோ மெல்ல எழுந்துகொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் மாவு பொங்குவதைப் பார்த்தவளுக்கு, இது இன்னும் எவ்வளவு பொங்கும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைப்பேசி அதிர்ந்தது. சீனுவாசன் பேசினான், பேச்சு அல்ல, முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள்ளிருந்து வரும் கிசுகிசுப்பு.

“அம்சா, மச்சான் வந்துட்டாரு. சோபாவுல குந்திக்கினு என்னையே பாத்துக்கினு இருக்காரு. காபி குடுத்தேன், குடிச்சிக்கினே பாக்குறாரு. ஜல்தி வா. நெத்தி நல்லா இருக்குதில்ல? நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லேன்.”

“வந்துக்கினே இருக்கேன்,” என்றாள் அம்சா. அது உண்மைதான்.

நடந்தாள். பெரிய பொட்டு வைத்து மறைக்கலாமா என்று எண்ணினாள். அதற்கு வேண்டிய பொட்டு தட்டின் அளவில் இருக்க வேண்டும். முடியை முன்னால் இழுத்து விட்டாள். எண்ணெய் அதைப் பின்னால் வழித்துவிட்டது. இனி உண்மை ஒன்றே மிச்சம். ‘அண்ணா, கம்புல படல. வணக்கம் வைக்கும்போது முட்டிக்கினோம்.’ உண்மைகளின் வரலாற்றில் இதைவிடப் பொய்போல் ஒலித்த உண்மை இருந்ததில்லை. கம்பையே நம்பாத தாண்டவராயன் வணக்கத்தையா நம்புவான்? மஞ்சள் பனியன் பீரோவுக்குள் இருண்டது. பின்னிருக்கைச் சிறுமி மறுபடியும் வாய் திறந்தாள்.

தெருமுனைச் சோடாக் கடையின் வெளிச்சத்தை அடைந்தபோது அம்சா நின்றாள். அங்கே, குளிர்ந்த பன்னீர் சோடாப் பாட்டிலை நெற்றியில் வைத்து உருட்டியபடி, உலகத்தின்மேல் கோபமாக நின்றிருந்தாள் சூசை மேரி. பாட்டில் உருண்டு விலகிய ஒரு கணத்தில் அம்சா கண்டாள்: வலப்புருவத்துக்கு மேலே, அதே இடத்தில், அதே வட்டத்தில், அதே நிறத்தில், ஒரே குழியில் வார்த்தெடுத்த இரண்டாவது பணியாரம்போல, தன்னுடைய பொடைப்பின் மறுபாதி! வாதமும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். இரண்டு நெற்றிகளையும் அருகருகே வைத்துக் காட்டினால், டயர்க்கடைக்காரன் என்ன, கல்லும் நம்பும். ஆனால் அந்த நெற்றி இருந்தது, இனி எதற்கும் என்னிடம் வராதே என்று சற்றுமுன் பிரகடனம் செய்த தலையில்.

அம்சா அருகே போனாள். மேரி பாட்டிலை எடுக்காமல், ஒரு கண்ணால் மட்டும் பார்த்தாள். கணவனின் பெயரையும், அண்ணனின் பார்வையையும், விழுப்புரத்துச் சாலையையும், நீல எழுத்துகளையும் ஒருசேரத் தோளில் சுமந்து, மாவரைத்த தோளினாள் தன் நெஞ்சம் முழுவதும் காற்றை நிரப்பி, காவியங்கள் காத்திருக்கும் அந்தப் பெரும் மொழியைச் சொல்ல வாய் திறந்தாள்.

“யக்கா, அந்த நெத்தியை எடுத்துக்கினு கொஞ்சம் எங்க வூடு வரைக்கும் வந்துட்டுப் போறியா?”